ஆறு லிட்டரா, மூணு லிட்டரா? பெரிய சொகுசு கார்களில் இன்ஜின் அளவுக்கு இன்னும் மதிப்பு இருக்கா?



போன வாரம் ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு வாக்குவாதம். "மெர்சிடிஸ் எஸ் கிளாஸ்ல இப்போ மூணு லிட்டர் இன்ஜின்தான் வருதாம். அதுக்குப் போய் ஒன்றரைக் கோடிக்கு மேல கொடுக்கணுமா?" என்றான் ஒருத்தன். "டர்போ வந்த பிறகு லிட்டர் எல்லாம் சும்மாடா" என்றான் இன்னொருத்தன். பக்கத்து மேஜையில் இருந்த ஃபைனல் இயர் அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்திரிக்கும்போது ஒரு குண்டு போட்டார்: "லிட்டர் மட்டுமா சும்மா? நீங்க படிக்கிற ஐ.சி. இன்ஜின் பேப்பரே இனிமே சும்மாதான். எல்லாம் எலக்ட்ரிக் ஆகப்போகுது."

மத்தவங்க சிரிச்சிட்டு சாப்பிடப் போயிட்டாங்க. மெக்கானிக்கல் எடுத்த எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பேப்பர், பேனா, கால்குலேட்டர் எடுத்து உட்கார்ந்தேன். அதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நீங்களும் ஒரு பேனாவோடு படிங்க, ரெண்டு மூணு இடத்தில் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

லிட்டர் என்றால் என்ன?

இது எல்லோருக்கும் தெரிஞ்சதுதான், ஒரு தடவை ஞாபகப்படுத்திக்குவோம். பிஸ்டன் மேலிருந்து கீழே வரும்போது சிலிண்டருக்குள் எவ்வளவு இடம் திறக்கிறதோ, அதை எல்லா சிலிண்டருக்கும் கூட்டினால் வருவதுதான் இன்ஜினின் கொள்ளளவு. "6 லிட்டர் இன்ஜின்" என்றால், கிராங்க் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் அது தோராயமாக 6 லிட்டர் காற்றை உள்ளே இழுக்க முடியும் என்று அர்த்தம்.

இங்கே கவனிக்க வேண்டிய வார்த்தை காற்று. பெட்ரோலை எவ்வளவு வேணும்னாலும் ஊற்றலாம். அதை எரிக்க ஆக்ஸிஜன் வேணும். ஒரு கிலோ பெட்ரோலை முழுசா எரிக்க ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. அதனால் இன்ஜினின் சக்தி என்பது கடைசியில் அது எவ்வளவு காற்றை விழுங்குகிறது என்பதுதான். டர்போ இல்லாத காலத்தில் அதிகக் காற்று வேணும்னா இரண்டே வழி: வேகமாகச் சுற்றணும், இல்லாட்டி வயிற்றைப் பெரிசாக்கணும். சொகுசு காரில் இன்ஜின் அலறக் கூடாது. ஆக, வயிறு பெரிசாச்சு.

அப்படித்தான் 1975-ல் மெர்சிடிஸ் 450 எஸ்.இ.எல். 6.9 வந்தது. 6834 சி.சி., எட்டு சிலிண்டர், 286 குதிரைத்திறன். 1987-ல் பி.எம்.டபிள்யூ. 750ஐ.எல். 5 லிட்டரில் 12 சிலிண்டரோடு வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் உற்பத்திக்கு வந்த முதல் 12 சிலிண்டர் கார் அதுதான். 1991-ல் மெர்சிடிஸ் 6 லிட்டர், 12 சிலிண்டர், 408 குதிரைத்திறன் என்று பதில் சொன்னது. அந்த நாட்களில் டிக்கி மூடியில் இருந்த எண்ணைப் பார்த்தாலே போதும், உள்ளே என்ன இருக்கு, ஓனர் யார் என்று தெரிஞ்சுடும்.

ஒரே பேட்ஜ், நான்கு இன்ஜின்

இப்போ அதே "எஸ் 500" என்ற பெயரை மட்டும் எடுத்து, நான்கு தலைமுறைகளை வரிசையாக வைத்துப் பார்ப்போம்.

1998: 4966 சி.சி., 8 சிலிண்டர், 306 குதிரைத்திறன், 460 நியூட்டன் மீட்டர் டார்க்.
2005: 5461 சி.சி., 8 சிலிண்டர், 388 குதிரைத்திறன், 530 நியூட்டன் மீட்டர்.
2013: 4663 சி.சி., 8 சிலிண்டர், இரட்டை டர்போ, 455 குதிரைத்திறன், 700 நியூட்டன் மீட்டர்.
2020: 2999 சி.சி., 6 சிலிண்டர், டர்போ, 435 குதிரைத்திறன், 520 நியூட்டன் மீட்டர்.

பெயர் அப்படியே இருக்கு. லிட்டர் 5-லிருந்து ஏறி, இறங்கி, 3-ல் வந்து நிற்குது. சக்தி மட்டும் குறையவில்லை. அப்போ எது மாறியது?

இதைக் கண்டுபிடிக்க நம்ம பாடப்புத்தகத்தில் ஒரு அருமையான கருவி இருக்கு: பிரேக் மீன் எஃபெக்டிவ் பிரஷர். பிஸ்டன் தலையில் சராசரியாக எவ்வளவு அழுத்தம் வேலை செய்கிறது என்று சொல்லும் எண் அது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு சூத்திரம் இதுதான்:

டார்க் = சராசரி அழுத்தம் × கொள்ளளவு ÷ (4 × 3.1416)

அலகுகளை எல்லாம் மாற்றிப் போட்டால் ஒரு குறுக்குவழி கிடைக்கும். டார்க்கை லிட்டரால் வகுங்க. வருவதை 8-ஆல் வகுங்க. அதுதான் பார் கணக்கில் சராசரி அழுத்தம். அவ்வளவுதான், பரீட்சையிலேயே பயன்படும்.

மேலே உள்ள நாலு காருக்கும் போட்டுப் பாருங்க. 1998-க்கு 11.6 பார். 2005-க்கு 12 பார். 2013-க்கு 19 பார். 2020-க்கு 22 பார். டர்போ இல்லாத இன்ஜின் எவ்வளவு பெரிசா இருந்தாலும் 11, 12 பாரைச் சுற்றியே நிற்கும். 1987-ன் அந்த 12 சிலிண்டர் பி.எம்.டபிள்யூ.வின் டார்க் 450 நியூட்டன் மீட்டர். கணக்கு என்ன? 11.3 பார். வளிமண்டலம் தானாகத் தள்ளுகிற காற்று அவ்வளவுதான், அதுக்கு மேல எதிர்பார்க்க முடியாது. டர்போ அந்தக் காற்றை அழுத்தி உள்ளே திணிக்குது. அதனால் 3 லிட்டர் இன்ஜின் 5 லிட்டர் அளவுக்குக் காற்றைச் சாப்பிட முடியுது.

இதன் உச்சக்கட்டம் 2010-ல் வந்த எஸ் 250 சி.டி.ஐ. எஸ் கிளாஸ் வரலாற்றில் முதல் நான்கு சிலிண்டர் கார். 2143 சி.சி. டீசல், 500 நியூட்டன் மீட்டர். போட்டுப் பாருங்க: 29 பார்! பழைய 5 லிட்டர், 12 சிலிண்டர் பி.எம்.டபிள்யூ.வை விட டார்க் அதிகம். ஆனா அவசரப்பட்டு முடிவுக்கு வராதீங்க. குதிரைத்திறன் இதில் 204, அதில் 300. நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகம் தொட இதுக்கு 8.2 வினாடி, அதுக்கு 7.4. டார்க் தள்ளுகிற பலத்தைச் சொல்லும். அந்தத் தள்ளலை எவ்வளவு வேகத்தில் தொடர்ந்து கொடுக்க முடியும் என்பதைச் சொல்வது குதிரைத்திறன்.

ஆக, முதல் தீர்ப்பு: சக்திக்காக லிட்டர் தேவை என்ற வாதம் முடிஞ்சு போச்சு. மெஸ்ஸில் "லிட்டர் சும்மா" என்றவன் இதுவரைக்கும் ஜெயிக்கிறான்.

100 கி.மீ. வேகத்துக்கு எத்தனை குதிரை வேணும்?

இன்னொரு சின்னக் கணக்கு. 2100 கிலோ எடையுள்ள ஒரு பெரிய செடான், சமதளமான நெடுஞ்சாலையில் ஒரே சீராக 100 கி.மீ. வேகத்தில் போகுதுன்னு வைங்க. காற்றுத் தடைக் குணகம் 0.24, முன்பக்கப் பரப்பு 2.5 சதுர மீட்டர், டயர் உருளும் தடைக் குணகம் 0.01.

காற்றுத் தடை சுமார் 278 நியூட்டன். டயர் தடை சுமார் 206 நியூட்டன். கூட்டினால் 484. அதை வினாடிக்கு 27.8 மீட்டர் என்ற வேகத்தால் பெருக்கினால் 13.4 கிலோவாட். அதாவது வெறும் 18 குதிரைத்திறன்!

400 குதிரை இருக்கிற இன்ஜின் 18 குதிரைக்கான வேலையைத்தான் பெரும்பாலான நேரம் பார்க்குது. அப்போ அந்த 6 லிட்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு என்ன ஆகும்? த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியே இருக்கும். மூடிய வாய் வழியாகக் காற்றை உறிஞ்சுவதற்கே சக்தி வீணாகும். பன்னிரண்டு பிஸ்டனின் உராய்வு வேற. சின்ன இன்ஜின் அதே 18 குதிரைக்கு த்ராட்டிலை இன்னும் நன்றாகத் திறந்து ஓடும், அதனால் எரிபொருள் மிச்சம். ஐரோப்பாவில் புதுக் கார்களின் சராசரி கார்பன் டை ஆக்ஸைடு அளவுக்கு 2015-ல் கி.மீ.க்கு 130 கிராம், அதன் பிறகு 95 கிராம் என்று இலக்கு வைத்தபோது கம்பெனிகள் இன்ஜினைச் சிறிதாக்க ஓடியதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

அப்போ ஏன் நான்கு சிலிண்டரோடு நிற்கவில்லை?

இங்கேதான் கதை திரும்புது. 2 லிட்டர் போதும்னா எல்லாப் பெரிய காரிலும் 2 லிட்டரே இருக்கணுமே? முயற்சி செய்யாமல் இல்லை. போன தலைமுறை பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸில் 730ஐ 2 லிட்டர், நான்கு சிலிண்டர், 400 நியூட்டன் மீட்டர். 25 பார். காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. இருந்தும் இந்தத் தலைமுறையின் 740ஐ-யில் இருப்பது 3 லிட்டர், ஆறு சிலிண்டர். எஸ் 500-லும் அதே 3 லிட்டர், ஆறு சிலிண்டர். இரண்டு போட்டியாளர்களும் ஒரே எண்ணில் வந்து நிற்பது தற்செயல் கிடையாது.

காரணம் அதிர்வு. நான்கு சிலிண்டர் வரிசை இன்ஜினில் இரண்டு பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு கீழே வரும். சமநிலை மாதிரித் தோணும். ஆனால் கனெக்டிங் ராடின் சாய்வினால் பிஸ்டன் மேல் பாதியில் வேகமாகவும் கீழ்ப் பாதியில் மெதுவாகவும் நகரும். அதனால் கிராங்க் சுற்றும் வேகத்தைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் மேலும் கீழுமாக ஒரு விசை மிச்சம் நிற்கும். நம்ம டைனமிக்ஸ் பேப்பரில் வரும் இரண்டாம் நிலைச் சமமின்மை இதுதான். எஸ் 250-ல் இதை அடக்க லான்செஸ்டர் முறையில் இரட்டை வேகத்தில் சுற்றும் இரண்டு பேலன்ஸ் ஷாஃப்ட் வைத்தார்கள். ஆறு சிலிண்டர் வரிசை இன்ஜினில் முதல் நிலை, இரண்டாம் நிலை இரண்டும் தானாகவே ரத்தாகிவிடும். எந்த ஷாஃப்டும் வேண்டாம். 12 சிலிண்டர் என்பது அப்படிப்பட்ட இரண்டு ஆறுகள்தான்.

அடுத்தது வெடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. இரண்டு சுற்றுக்கு 720 பாகை. நான்கு சிலிண்டரில் 180 பாகைக்கு ஒரு தள்ளல், ஆறில் 120, எட்டில் 90, பன்னிரண்டில் 60. சிக்னலில் நிமிடத்துக்கு 600 சுற்றில் ஐட்லிங் ஆகும்போது நான்கு சிலிண்டர் வினாடிக்கு 20 தடவை தட்டும், பன்னிரண்டு 60 தடவை தட்டும். மெதுவான தட்டல்தான் சீட்டிலும் ஸ்டீயரிங்கிலும் தெரியும். வேகமான, சின்னச் சின்னத் தட்டலை ரப்பர் மவுண்ட் எளிதாக விழுங்கிவிடும். நம்ம ஊர் ஷேர் ஆட்டோவையும் சொகுசு காரையும் சிக்னலில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் பாடமே தேவையில்லை.

சரி, அதிர்வுக்கு ஆறு சிலிண்டர் வேணும். அந்த ஆறையும் சின்னதாக வைத்து 1.5 லிட்டரில் முடிக்கலாமே? அங்கே வெப்பம் குறுக்கே வரும். சிலிண்டர் சிறிதாகச் சிறிதாக, கொள்ளளவோடு ஒப்பிட்டால் சுவரின் பரப்பு அதிகமாகும். எரிந்த வாயுவின் சூடு பிஸ்டனைத் தள்ளாமல் சுவர் வழியாக ஓடிப்போகும். ரொம்பப் பெரிதானால் தீ முழுவதும் பரவ நேரமெடுக்கும், நாக்கிங் வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ அரை லிட்டர் என்பது நல்ல இடம். பி.எம்.டபிள்யூ.வின் இன்றைய பெட்ரோல் குடும்பமே அப்படித்தான்: மூன்று சிலிண்டர் 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர் 2 லிட்டர், ஆறு சிலிண்டர் 3 லிட்டர்.

இப்போ பெருக்குங்க. அதிர்வில்லாமல் ஓட ஆறு சிலிண்டர். ஒவ்வொன்றும் அரை லிட்டர். 3 லிட்டர்! எஸ் 500-ன் 2999 சி.சி. வந்த வழி இதுதான். முன்வாசல் வழியாகச் சக்தியின் பேரில் வெளியே அனுப்பிய லிட்டர், பின்வாசல் வழியாக அமைதியின் பேரில் திரும்பி வந்துடுச்சு.

மீதி இருந்த ஓட்டையையும் அடைக்கணும். டர்போ சுழன்று வேகமெடுக்க ஒரு கணம் ஆகும். பெரிய இன்ஜினில் அந்தக் காத்திருப்பு கிடையாது. எஸ் 500-ல் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே 48 வோல்ட் மோட்டார் ஒன்று உட்கார்ந்திருக்கு. அது வெறும் 22 குதிரைதான், ஆனால் 250 நியூட்டன் மீட்டர் வரை உடனே கொடுக்கும். 2013 மாடலின் 700 எங்கே, 2020-ன் 520 எங்கே என்று மேலே நீங்கள் நினைத்திருக்கலாம். 100 கி.மீ. வேகம் தொட 4.8 வினாடி, 4.9 வினாடி. வித்தியாசம் அவ்வளவுதான்.

பெரிய இன்ஜின் இன்னும் ஜெயிக்கும் இடம்

எஸ் கிளாஸிலேயே குண்டு துளைக்காத எஸ் 680 கார்ட் என்று ஒன்று இருக்கு. எடை 4.2 டன். அதில் இன்றும் 6 லிட்டர், 12 சிலிண்டர், இரட்டை டர்போ, 830 நியூட்டன் மீட்டர். ஏன்? 22 பார் அழுத்தத்தை அவசரத்துக்குச் சில வினாடி கொடுப்பது வேற, பாரத்தோடு மணிக்கணக்கில் கொடுப்பது வேற. அழுத்தம் கூடினால் சூடு கூடும், நாக்கிங் பயம் கூடும். எக்ஸாஸ்ட்டைக் குளிர்விக்கவே கூடுதல் பெட்ரோல் ஊற்ற வேண்டி வரலாம். பெரிய இன்ஜினுக்கு அது சாதாரண வேலை.

ரோல்ஸ் ராய்ஸ் ஃபேண்டம் இன்னொரு உதாரணம். 6.75 லிட்டர், 900 நியூட்டன் மீட்டர், அதுவும் 1700 சுற்றிலேயே. கணக்குப் போட்டால் 16.7 பார்தான். நான்கு சிலிண்டர் 730ஐ-யை விடக் குறைவு! இரண்டு டர்போ இருந்தும் பிழிந்து எடுக்கவில்லை. அந்தக் காரின் டேஷ்போர்டில் வேறு கார்களில் சுற்றுவேக மீட்டர் இருக்கும் இடத்தில், இன்னும் எத்தனை சதவீதம் சக்தி கையிருப்பில் இருக்கு என்று காட்டும் முள் இருக்கும். பயன்படுத்தாமல் வைத்திருக்கும் சக்தியைத்தான் அவர்கள் விற்கிறார்கள்.

வரி என்ற இன்னொரு இன்ஜினியர்

லிட்டரைத் தீர்மானிப்பது பொறியியல் மட்டுமில்லை. சீனாவில் 2008 செப்டம்பரிலிருந்து இன்ஜின் அளவுப்படி நுகர்வு வரி: 2 முதல் 2.5 லிட்டர் வரை 9 சதவீதம், 3 வரை 12, 4 வரை 25, அதுக்கு மேல் 40 சதவீதம். விளைவு? எஸ் கிளாஸின் அதே ஆறு சிலிண்டர் இன்ஜினுக்குச் சீனாவில் 2.5 லிட்டர் வடிவம் ஒன்று வந்தது.

நம் நாட்டிலும் நடந்திருக்கு. 2015 டிசம்பரில் டெல்லி வட்டாரத்தில் 2000 சி.சி. மற்றும் அதற்கு மேற்பட்ட டீசல் கார்களைப் புதிதாகப் பதிவு செய்ய உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2016 ஆகஸ்டில் 1 சதவீதக் கட்டணத்தோடு தடை நீங்கியது. இடைப்பட்ட மாதங்களில் 2143 சி.சி. என்பதும் 1990 சி.சி. என்பதும் விற்க முடியாததற்கும் விற்க முடிவதற்கும் உள்ள வித்தியாசம். புகையில் அவ்வளவு வித்தியாசம் இருந்ததா என்று நீங்களே யோசிங்க. ஜி.எஸ்.டி.யில் பெட்ரோலுக்கு 1200, டீசலுக்கு 1500 சி.சி. என்ற கோடு இருக்கு. அதைத் தாண்டிய பிறகு 2 லிட்டரும் 6 லிட்டரும் ஒரே தட்டில்தான்.

அந்த அண்ணன் சொன்னது?

2022-ல் பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸில் 6.6 லிட்டர் 12 சிலிண்டர் இன்ஜின் நின்றுபோனது. 740ஐ-யின் அதே உடம்பில் ஐ7 என்ற எலக்ட்ரிக் கார் வந்தது: 544 குதிரை, 745 நியூட்டன் மீட்டர், பூஜ்யம் லிட்டர். மோட்டாரில் வெடிப்பும் இல்லை, காத்திருப்பும் இல்லை. நின்ற இடத்திலிருந்தே டார்க் கிடைக்கும். 12 சிலிண்டர் எதற்காகப் பாடுபட்டதோ, அது சிலிண்டரே இல்லாமல் கிடைச்சிடுச்சு. விலையாகக் கொடுத்தது எடை, பெட்ரோல் வண்டியை விடச் சுமார் அரை டன் கூடுதல். இந்த 7 சீரிஸ் நம் செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் உள்ள ஆலையிலும் பூட்டப்படுது. அந்த ரோட்டில் போகும்போது ஞாபகம் வெச்சுக்கங்க, ப்ளேஸ்மென்ட் நேரத்தில் உதவும்.

ஆனாலும் அண்ணன் சொன்னதில் பாதிதான் சரி. லிட்டர் என்ற ஒரே எண்ணுக்குள் மூன்று கேள்விகள் ஒளிஞ்சிருந்தது: எவ்வளவு காற்று விழுங்கும்? எவ்வளவு அமைதியாக ஓடும்? எவ்வளவு நேரம் தாங்கும்? முதல் கேள்விக்கு டர்போ பதில் சொல்லிடுச்சு. இரண்டாவதுக்கு சிலிண்டர் எண்ணிக்கை பதில் சொல்லுது. மூன்றாவதுக்கு மட்டும் லிட்டர் இன்னும் நேரடியாகவே பதில் சொல்லுது. மெஸ்ஸில் சண்டை போட்ட ரெண்டு பேரும் வேற வேற கேள்விக்குப் பதில் சொல்லிட்டிருந்தாங்க.

நாளைக்கு இதே மேஜையில் "என் காரில் 100 கிலோவாட் ஹவர் பேட்டரி" என்று ஒருத்தன் பெருமை அடிப்பான். அதுவும் பழைய லிட்டர் மாதிரி ஒரு எண்தான். எவ்வளவு தூரம், எவ்வளவு எடை, சூடு ஏறினால் எவ்வளவு நேரம் முழு சக்தி கிடைக்கும் என்று பிரித்துக் கேட்கத் தெரியணும். அப்படிப் பிரித்துக் கேட்கச் சொல்லிக்கொடுத்தது இந்த ஐ.சி. இன்ஜின் பேப்பர்தான்.

கடைசியா வீட்டுப்பாடம்: நீங்க ஓட்டுற பைக்கின் டார்க்கையும் சி.சி.யையும் எடுங்க. சி.சி.யை ஆயிரத்தால் வகுத்து லிட்டராக்கி, 8 கணக்கைப் போடுங்க. 10-ஐ ஒட்டி ஒரு எண் வரும். அதைப் பார்த்ததும் உங்க பைக்கில் டர்போ இருக்கா இல்லையான்னு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.